குறி தவறாத சின்னப் பெண்



உங்கள் நண்பன் ஓர் ஓட்டாஞ்சில்லை எடுத்து வானத்தை நோக்கி வீசுகிறான். அது கீழே விழுவதற்குள் நீங்கள் ஒரு கல்லை எறிந்து அதை அடிக்க வேண்டும். பத்து முறை முயன்றால் எத்தனை முறை அடிப்பீர்கள்? ஒரு முறை அடித்துவிட்டாலே பெரிய விஷயம், இல்லையா?

அமெரிக்காவில் ஒரு பெண்மணி இருந்தார். உயரம் ஏறக்குறைய 5 அடிதான். 1922ஆம் ஆண்டில், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, காற்றில் பறந்த 100 களிமண் தட்டுகளை வரிசையாக, ஒன்றைக்கூடத் தவறவிடாமல் துப்பாக்கியால் சுட்டு நொறுக்கினார். அவர் பெயர் ஆனி ஓக்லி.

அவ்வளவு துல்லியமாகச் சுட அவர் எங்கே கற்றார்? அவருக்காகத் தட்டுகளை எறிந்தவர் யார்? வாருங்கள், பார்ப்போம்.

பசிக்காகப் பிடித்த துப்பாக்கி

ஆனி 1860ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13ஆம் நாள் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில், டார்க் மாவட்டத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஃபீபி ஆன். வீட்டில் நிறையக் குழந்தைகள். தந்தை ஜேக்கப் ஏழை விவசாயி.

1865ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரு நாள், தந்தை தானியம் அரைப்பதற்காக மாவு மில்லுக்குப் போனார். திரும்பும் வழியில் கடுமையான பனிப்புயலில் சிக்கிக்கொண்டார். வீடு வந்து சேர்ந்தபோது அவர் உடல் விறைத்துப் போயிருந்தது. படுத்தவர் எழவில்லை. 1866ஆம் ஆண்டு தொடக்கத்தில் இறந்து போனார். அப்போது ஆனிக்கு ஐந்து வயது.

தாய் சூசனால் அத்தனை பிள்ளைகளுக்கும் சோறு போட முடியவில்லை. சிறுமி ஆனி காட்டில் கண்ணி வைத்துச் சிறு பறவைகளைப் பிடிக்கத் தொடங்கினாள். எட்டு வயதில், சுவரில் மாட்டியிருந்த தந்தையின் பழைய துப்பாக்கியை எடுத்து ஓர் அணிலைச் சுட்டாள். அவளுக்கு அது விளையாட்டு அல்ல. அன்றைக்கு அடுப்பில் ஏதாவது வேக வேண்டுமே!

காலணி இல்லாமல் பனியில்

வறுமை முற்றியது. 1870ஆம் ஆண்டில், ஒன்பது வயதில், ஆனி ஏழைகளுக்கான அரசு விடுதிக்கு அனுப்பப்பட்டாள். அங்கிருந்த மேற்பார்வையாளரின் மனைவி அவளுக்குத் தையல் கற்றுக்கொடுத்தார். பிற்காலத்தில் ஆனி மேடையில் அணிந்த உடைகளை அவரே தைத்துக்கொள்ள இந்தத் தையல்தான் உதவியது.

பிறகு ஒரு குடும்பம் அவளை வேலைக்கு அழைத்துச் சென்றது. வாரத்துக்கு 50 சென்ட் சம்பளம், பள்ளிக்கூடம் போகலாம் என்றெல்லாம் ஆசை காட்டினார்கள். எதையும் கொடுக்கவில்லை. விடியலுக்கு முன்பே எழுந்து சமைக்க வேண்டும். மாடுகளைப் பார்க்க வேண்டும். குழந்தையைத் தூங்க வைக்க வேண்டும். ஒரு நாள் இரவு துணி தைத்துக்கொண்டிருந்தபோது அசதியில் கண்ணயர்ந்துவிட்டாள். அதற்குத் தண்டனையாக, காலணிகூட இல்லாமல் வெளியே பனியில் தள்ளினார்கள்.

ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் இந்தக் கொடுமை நீடித்தது. பிறகு ஒரு நாள் அங்கிருந்து தப்பி ஓடி வந்துவிட்டாள். பெரியவர் ஆன பின்பும் ஆனி அந்தக் குடும்பத்தின் பெயரை யாரிடமும் சொல்லவில்லை. ஓநாய்கள் என்று மட்டுமே குறிப்பிடுவார்.

தாயிடம் திரும்பிய ஆனி மீண்டும் வேட்டைக்குப் போனார். கிடைத்த காடைகளையும் முயல்களையும் கடைக்காரர் வாங்கி நகரத்து ஓட்டல்களுக்கு அனுப்பினார். அந்தப் பணத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, தாயின் பண்ணை மீதிருந்த அடமானக் கடனை ஆனி அடைத்தார். அப்போது அவர் பதின்ம வயதுப் பெண்தான். அந்த ரசீதைப் பார்த்தபோது தாய்க்கு எப்படி இருந்திருக்கும்!

ஒரே ஒரு குறியில் தோற்றவர்

ஃபிராங்க் பட்லர் என்பவர் ஊர் ஊராகச் சென்று குறி சுடும் வித்தை காட்டி வந்தார். அயர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். எந்த ஊருக்குப் போனாலும் உள்ளூர்க்காரர்களைப் போட்டிக்கு அழைப்பார். பெரும்பாலும் அவரே ஜெயிப்பார்.

ஓஹியோவுக்கு வந்தபோது ஓர் ஓட்டல் முதலாளி அவருக்கு எதிராக ஓர் ஆளைக் கொண்டு வருவதாகப் பந்தயம் கட்டினார். மைதானத்துக்கு வந்தது யார்? கவுன் அணிந்த ஒரு சின்னப் பெண்! ஃபிராங்குக்குச் சிரிப்புத்தான் வந்திருக்கும். ஆனால் 25 குறிகளில் அவர் 24ஐ அடித்தார். ஆனி 25ஐயும் அடித்துவிட்டார்.

தோற்றவருக்குக் கோபம் வரவில்லை. ஆனி மீது மதிப்பு வந்தது. பிறகு அது அன்பாக மாறி இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். 1882ஆம் ஆண்டில் ஃபிராங்கின் மேடைக் கூட்டாளிக்கு உடல்நலம் கெட்டபோது அவருக்குப் பதிலாக ஆனி மேடை ஏறினார். ஓக்லி என்ற மேடைப் பெயரையும் வைத்துக்கொண்டார். மக்கள் ஆனியைத்தான் பார்க்க விரும்பினார்கள்.

ஃபிராங்க் என்ன செய்தார் தெரியுமா? தன் துப்பாக்கியைக் கீழே வைத்தார். மனைவிக்காகக் கண்ணாடிப் பந்துகளையும் தட்டுகளையும் எறிந்து தரும் வேலையை ஏற்றுக்கொண்டார். வரவு செலவையும் பயண ஏற்பாடுகளையும் பார்த்துக்கொண்டார். கைதட்டல் எல்லாம் ஆனிக்கு. தட்டை எறிபவரை யார் கவனிப்பார்கள்? ஆனால் எறிபவர் சரியாக எறியாவிட்டால் சுடுபவரால் பயிற்சி பெற முடியாது. இது அவர்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும்.

புறாவிலிருந்து களிமண் தட்டுக்கு

இங்கே சற்று நின்று, அந்தத் தட்டுகளின் கதையையும் தெரிந்துகொள்வோம்.

அந்தக் காலத்தில் சுடும் போட்டிகளுக்கு உயிருள்ள புறாக்களைப் பயன்படுத்தினார்கள். பெட்டிக்குள் புறாவை அடைத்து வைப்பார்கள். தூரத்திலிருந்து கயிற்றை இழுத்தால் பெட்டி திறக்கும். புறா பறக்கும். உடனே சுடுவார்கள். பாவம், அந்தப் புறாக்கள்! ஆனியும் அந்தக் காலப் போட்டிகளில் அப்படிச் சுட்டவர்தான்.

வட அமெரிக்காவில் அப்போது பயணப் புறா என்றோர் இனம் கோடிக்கணக்கில் இருந்தது. கூட்டமாகப் பறந்தால் வானமே இருண்டுவிடுமாம். மனிதர்கள் இறைச்சிக்காகவும் போட்டிக்காகவும் அவற்றைக் கொன்று குவித்தார்கள். அவை வாழ்ந்த காடுகளையும் அழித்தார்கள். அந்த இனத்தின் கடைசிப் புறா 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் ஓஹியோவிலுள்ள சின்சினாட்டி நகர உயிர்க்காட்சி சாலையில் இறந்தது.

புறாக்களுக்குப் பதிலாக முதலில் வந்தவை கண்ணாடிப் பந்துகள். சில பந்துகளுக்குள் பறவை இறகுகளை அடைத்திருப்பார்கள். பந்து உடைந்ததும் இறகுகள் பறக்கும். ஆரம்பத்தில் இருந்த எறியும் கருவிகள் பந்தை நேராக மேலே எறிந்தன. அதைச் சுடுவது சுலபம். ஆடம் போகார்டஸ் என்ற புகழ்பெற்ற வீரர் 1877ஆம் ஆண்டில் ஒரு புதிய கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அது பறவை பறப்பதைப் போலப் பந்தை வளைவாகத் தூரத்துக்கு வீசியது.

ஆனாலும் ஒரு தொல்லை. மைதானம் முழுக்கக் கண்ணாடித் துண்டுகள்! அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவர் அதே சின்சினாட்டி நகரத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லிகவ்ஸ்கி. 1880ஆம் ஆண்டில் களிமண் தட்டையும் அதை எறியும் கருவியையும் உருவாக்கினார். குளத்தில் ஓட்டாஞ்சில்லைத் தட்டையாக வீசினால் அது தண்ணீரைத் தொட்டுத் தொட்டு ஓடுமே, அதே போன்ற சுழற்சிதான் இந்தத் தட்டுக்கும். முதலில் சுட்ட களிமண் தட்டுகள் செங்கல் போலக் கெட்டியாக இருந்தன. ரவை பட்டாலும் உடையாமல் மணி போல ஒலித்தனவாம்! பிறகு சுண்ணாம்புக்கல் தூளையும் தாரைப் போன்ற பிசினையும் கலந்து, எளிதில் நொறுங்கும் தட்டுகளைச் செய்தார்கள். இன்று போட்டிகளில் பறக்கும் தட்டு சுமார் 11 சென்டிமீட்டர் அகலமும் 105 கிராம் எடையும் உள்ளது.

பொறி எப்படி வேலை செய்கிறது?

எறியும் கருவியை ஆங்கிலத்தில் டிராப் என்பார்கள். புறாவை அடைத்து வைத்த பொறியிலிருந்து வந்த பெயர் அது. தமிழிலும் பாருங்கள்; எலியைப் பிடிப்பதும் பொறிதான், இயந்திரமும் பொறிதான்! ஆகவே நாமும் பொறி என்றே சொல்வோம்.

கையால் இயக்கும் பொறியில் ஒரு நீண்ட இரும்புக் கை இருக்கும். அதோடு வலுவான ஸ்பிரிங் ஒன்று இணைந்திருக்கும். கையைப் பின்னுக்கு இழுத்துப் பூட்டி, அதன் மேல் தட்டை வைப்பார்கள். தூரத்திலிருந்து கயிற்றை இழுத்தால் பூட்டு விடுபடும். கை வேகமாகச் சுழலும். தட்டு அந்தக் கையின் ஓரமாக உருண்டு வெளியேறும்போது பம்பரம் போலச் சுழலத் தொடங்கும். சுழலும் தட்டு காற்றில் கவிழாது. சீராக மிதந்து போகும். இன்றும் சுடுபவர்கள் தட்டை எறியச் சொல்லும்போது, இழு என்று பொருள்படும் புல் என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் கூவுகிறார்கள். அன்றைக்கு இழுத்த கயிற்றின் நினைவு அது!

பொறிகளிலும் வகைகள் உண்டு. கரண்டி போன்ற ஒன்றில் தட்டைச் செருகிக் கையாலேயே வீசுவது ஒரு வகை. எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் வீசுபவரின் கை சோர்ந்துவிட்டால் தட்டு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கமாகப் போகும். தரையில் நிறுத்தி ஸ்பிரிங்கைப் பூட்டுவது இன்னொரு வகை. இது சீராக எறியும். ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு முறை கையால் பூட்ட வேண்டும். மின்சாரத்தில் தானாக எறிபவையும் இப்போது உள்ளன.

பயிற்சி பெறுபவர்கள் கைப்பொறியைத் தேர்ந்தெடுக்கும்போது என்ன பார்க்க வேண்டும்? எறியும்போது அடிப்பகுதி ஆடாமல் நிற்கிறதா? ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறதா? தட்டு போகும் உயரத்தையும் திசையையும் மாற்ற முடிகிறதா? கயிறு நீளமாக இருக்கிறதா? பூட்டு தானாக விடுபடாமல் தடுக்கக் கொக்கி இருக்கிறதா? கடைசி இரண்டும் மிக முக்கியம். ஏனென்றால் பூட்டிய இரும்புக் கை திடீரென விடுபட்டால், அது சுழலும் வட்டத்தில் நிற்பவரின் எலும்பையே முறித்துவிடும்.

புதிதாகக் கற்பவருக்கு மெதுவாக, நேராகப் போகும் தட்டு போதும். கை பழகியபின் வேகத்தைக் கூட்டலாம். பிறகு பக்கவாட்டில் பறக்க விடலாம். பிறகுதான் ஒரே சமயத்தில் இரண்டு தட்டுகள். முதல் வகுப்பில் கூட்டல், ஐந்தாம் வகுப்பில் பின்னம் என்று உங்களுக்குச் சொல்லித் தருவதும் இப்படித்தானே!

மூன்று நாள் சோதனை

இனி ஆனியிடம் திரும்புவோம்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவின் மிகப் பெரிய காட்சிக் குழு பஃபலோ பில் என்பவருடையது. குதிரைச் சாகசம், வேடிக்கைச் சண்டை, குறி சுடுதல் எல்லாம் அதில் உண்டு. அதில் சுடும் வீரராக இருந்தவர் வேறு யாருமல்ல, பொறியைச் செய்த போகார்டஸ்தான். அவர் விலகியதும் ஆனி அந்த வேலைக்கு விண்ணப்பித்தார்.

இந்தச் சின்னப் பெண்ணால் துப்பாக்கியின் உதையை நாள்தோறும் தாங்க முடியுமா என்ற சந்தேகம் எழுந்தது. 1885ஆம் ஆண்டில் ஆனி ஒரு கடினமான பயிற்சியைச் செய்து காட்டினார். ஒரே நாளில் 5,000 கண்ணாடிப் பந்துகளைச் சுட வேண்டும். துப்பாக்கியில் தோட்டாவையும் தானே நிரப்ப வேண்டும். பொறிகள் வீசிக்கொண்டே இருந்தன. ஆனி சுட்டுக்கொண்டே இருந்தார். 4,772 பந்துகள் உடைந்தன. கணக்குப் போட்டுப் பாருங்கள். நூற்றுக்கு 95க்கும் மேல்!

அதே ஆண்டில் லூயிவில் நகரில் மூன்று நாள் சோதனைக்கு என்று போனார். அவர் பயிற்சி செய்வதைப் பார்த்த மேலாளர் சோதனையே வேண்டாம் என்று உடனே சேர்த்துக்கொண்டார். அடுத்த 16 ஆண்டுகளில், இடையில் சிறிது காலம் தவிர, ஆனி அந்தக் குழுவின் நட்சத்திரமாக விளங்கினார். லகோட்டா பழங்குடியின் தலைவர் சிட்டிங் புல் அவரை மகளாகவே ஏற்றுக்கொண்டார். குறி தவறாத சின்னப் பெண் என்று பொருள்படும் பெயரை அவருக்குச் சூட்டியவரும் அவர்தான்.

ஆனியின் வித்தைகளில் மக்களுக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. பொறியின் விசையைத் தட்டிவிட்டு, ஓடிப்போய், ஒரு மேஜையைத் தாண்டிக் குதித்து, துப்பாக்கியை எடுத்து, தட்டு தரையில் விழுவதற்குள் சுட்டுவிடுவார்! 1887ஆம் ஆண்டில் லண்டனில் விக்டோரியா மகாராணியின் முன்னிலையில் சுட்டுப் பாராட்டுப் பெற்றார். 1889இல் பாரிஸிலும் அவருக்கு ஒரே கைதட்டல்.

பெயரைக் காக்க ஆறு ஆண்டுகள்

1901ஆம் ஆண்டு அக்டோபரில் குழு சென்ற ரயில் வேறொரு ரயிலுடன் மோதியது. ஆனிக்கு முதுகில் பலத்த அடி. அந்தக் குழுவிலிருந்து விலகினார்.

அதைவிடப் பெரிய அடி 1903இல் விழுந்தது. ஆனி ஓக்லி திருட்டுக் குற்றத்துக்காகச் சிகாகோ நகரில் கைது செய்யப்பட்டார் என்று செய்தி வெளியானது. உண்மையில் பிடிபட்டவர் ஆனியின் பெயரைச் சொல்லி ஏமாற்றிய வேறொரு பெண். பல செய்தித்தாள்கள் விசாரிக்காமலே அதை அச்சிட்டுவிட்டன.

சிலர் மறுப்புச் செய்தி வெளியிட்டார்கள். அது போதும் என்று ஆனி விட்டுவிடவில்லை. 55 செய்தித்தாள்கள் மீது வழக்குத் தொடுத்தார். ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் ஊர் ஊராக நீதிமன்றம் ஏறினார். ஒன்றைத் தவிர எல்லா வழக்குகளிலும் வெற்றி பெற்றார் அல்லது இழப்பீடு பெற்றார். கிடைத்த பணத்தைவிடச் செலவான பணமே அதிகம். ஆனாலும் அவர் வருந்தவில்லை. பனியில் நின்ற காலத்திலிருந்து அவர் உழைத்துச் சேர்த்த முதல் சொத்து அந்த நல்ல பெயர்தானே!

கற்றுக்கொடுத்த கைகள்

தனக்குத் தெரிந்ததைப் பெண்கள் எல்லோரும் கற்க வேண்டும் என்று ஆனி விரும்பினார். ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தார். வட கரோலினா மாநிலத்தின் பைன்ஹர்ஸ்ட் என்ற ஊரில் இருவரும் பல குளிர்காலங்கள் தங்கினார்கள். ஆனி அங்கே வகுப்பு நடத்தினார். தொடக்கத்தில் சொன்னேனே, 100 தட்டுகள், அந்தச் சாதனையும் அதே ஊரில்தான்.

அவர்களிடம் டேவ் என்ற நாய் இருந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் மக்கள் பணத்தைக் கைக்குட்டையில் முடிந்து ஒளித்து வைப்பார்கள். டேவ் மோப்பம் பிடித்து எடுத்து வரும். அந்தப் பணம் செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போகும். நாய்கூட நன்கொடை திரட்டியது, பாருங்கள்!

1922ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு கார் விபத்தில் ஆனியின் எலும்பு முறிந்தது. காலில் இரும்புப் பட்டை பூட்ட வேண்டியதாயிற்று. அந்தப் பட்டையுடனேயே மீண்டும் மைதானத்துக்கு வந்து சுட்டார். தன் தங்கப் பதக்கங்களை உருக்கி, கிடைத்த பணத்தைத் தர்மத்துக்குக் கொடுத்தார். பசித்த குழந்தையின் வயிறு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும் அல்லவா?

1926ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் ஓஹியோவின் கிரீன்வில் ஊரில் ஆனி காலமானார். பிரிவைத் தாங்க முடியாத ஃபிராங்க், 18 நாட்களில் அவரும் கண்மூடினார். இருவரும் பக்கத்துப் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்கள்.

குழந்தைகளே! 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் நம் நாட்டின் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வெள்ளிப் பதக்கம் வென்றாரே, அது இரண்டு களிமண் தட்டுகளை ஒரே சமயத்தில் பறக்கவிட்டுச் சுடும் போட்டிதான். துப்பாக்கி விளையாட்டுப் பொருள் அல்ல. முறையான பயிற்சி மையத்தில், பயிற்சியாளரின் கண்காணிப்பில் மட்டுமே அதைத் தொட வேண்டும். மறந்துவிடாதீர்கள்.

அன்று சின்சினாட்டியில் ஆனி உடைத்தவை 4,772. உடைக்காமல் விட்டவை 228. ஒவ்வொன்று தவறியபோதும் அவர் அழுதுகொண்டு நின்றிருந்தால் அடுத்த பந்து பறந்து போயிருக்கும். தேர்விலோ விளையாட்டிலோ ஒன்று தவறும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்காகத் தினமும் தட்டை எறிந்துகொண்டிருப்பவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். அதிகாலையில் எழுப்பும் அம்மாவாக இருக்கலாம்; வாய்ப்பாடு ஒப்புவிக்கச் சொல்லும் அண்ணனாக இருக்கலாம். அவர்களுக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு, அடுத்த குறியைப் பாருங்கள்!